தாழ்த்திய பக்கி: முன் சஸ்பென்ஷனுக்கு எதை வாங்குவது, எதை விடுவது?

கேள்வி (சாட்ஸ்வொர்த், தென்னாப்பிரிக்கா): அப்பா ஓட்டிய நிசான் 1400 பக்கி (சின்ன பிக்கப் வண்டி) இப்போது என் கையில் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஒருவர் முன் ஸ்பிரிங்கில் ஒன்றரைச் சுற்றை அறுத்து எடுத்து வண்டியைத் தாழ்த்திக் கொடுத்தார். ஹிகின்சன் ஹைவேயில் ஒன்றும் தெரியவில்லை. வீட்டுத் தெருவுக்குள் திரும்பினால் ஒவ்வொரு ஸ்பீட் ஹம்பிலும் முன்பக்கம் ‘டங்’ என்று அடிக்கிறது. பிரேக் பிடித்தால் இடது பக்கம் இழுக்கிறது. முன் டயர் இரண்டிலும் உள்விளிம்பு மட்டும் தேய்கிறது. உயரத்தை ஏற்றி இறக்கக்கூடிய, ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த காயில்ஓவர் செட் வாங்கிப் போட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்கிறார்கள் நண்பர்கள். வண்டியைத் திரும்ப உயர்த்த மனமில்லை. வீட்டு முற்றத்தில் நானே மாட்டிக்கொள்ளலாமா அண்ணா?

பதில்: மாட்டிக்கொள்ளலாம் தம்பி. ஆனால் காயில்ஓவருக்கு இப்போதே பணம் கட்ட வேண்டாம். நீங்கள் சொல்லும் மூன்று தொல்லைக்கும் மூன்று தனித்தனிக் காரணம் இருக்கலாம். காயில்ஓவர் அதில் ஒன்றைத்தான் தொடும்.

முதலில் அந்த ‘டங்’. ஸ்பிரிங்கை அறுத்தால் அது குட்டையாவதோடு கெட்டியாகவும் ஆகிறது. ஆனால் முன் சக்கரத்தைத் தாங்கும் தூணான ஸ்ட்ரட்டுக்குள் இருந்து குலுக்கலை அடக்கும் ஷாக் பழைய உயரத்துக்குச் செய்தது. அதன் பிஸ்டன் நடுவில் நின்று மேலும் கீழும் போய்வர வேண்டும். உங்கள் வண்டியில் அது அடிமட்டத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. ஹம்ப் ஏறியதும் போக இடமில்லாமல் முட்டுகிறது. அந்த முட்டலைத் தாங்கும் பம்ப் ஸ்டாப் ரப்பர் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். தாழ்த்திக் கொடுப்பவர்கள் சில சமயம் அதையும் எடுத்துவிடுவார்கள். அப்புறம் இரும்போடு இரும்புதான். ஷாக் உள்ளே வால்வு போய், சீல் கசிந்து, ஸ்ட்ரட்டின் மேல் எண்ணெய் வழிந்திருந்தால் அந்த ஷாக்கின் ஆயுள் முடிந்துவிட்டது.

இன்னொன்றையும் பாருங்கள். முன்பக்கத்தை ஜாக்கில் தூக்கி, சக்கரம் முழுதாகத் தொங்கும்போது ஸ்பிரிங்கைக் கையால் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் அது தன் இருக்கையில் நிற்கவில்லை. பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறும்போது ஸ்பிரிங் கோணலாக உட்காரும். இது சொகுசுப் பிரச்சினை இல்லை, ஆபத்து. வண்டி சாலைக்குத் தகுதியா என்று பார்க்கும் ரோட்வொர்த்தி சோதனையில் இதை யாரும் விடமாட்டார்கள்.

பிரேக்கில் இழுப்பதற்கு ஸ்பிரிங்கைக் குறை சொல்வதற்கு முன் பிரேக்கையே பாருங்கள். ஒரு பக்கம் பிஸ்டன் இறுகியிருந்தாலே போதும். பிரேக் நன்றாக இருந்தால் அடுத்தது இணைப்புகளில் இருக்கும் ரப்பர் புஷ்கள். சக்கரத்தின் அடியைப் பாடியோடு இணைக்கும் லோயர் ஆர்மையும், அதை முன்பின் நகராமல் பிடிக்கும் ராடையும் தாங்குகிற ரப்பர்கள் வெடித்திருந்தால், பிரேக் பிடிக்கும்போது அந்தச் சக்கரம் பின்னுக்குப் போகும், வண்டி அந்தப் பக்கம் திரும்பும். ஒரு நீண்ட கம்பியை வைத்து நெம்பிப் பார்த்தாலே தெரிந்துவிடும். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரிகிறதா? ஆர்மின் நுனியில் இருக்கும் பால் ஜாயின்ட் அல்லது பேரிங். இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் தெரிகிறதா? ஸ்டீரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்ட், இல்லாவிட்டால் ஸ்டீரிங் பாக்ஸ்.

டயரின் உள்விளிம்பு தேய்வதற்கு எல்லோரும் சக்கரத்தின் சாய்வை, அதாவது கேம்பரைத்தான் திட்டுவார்கள். தாழ்த்தினால் சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்வது உண்மைதான். ஆனால் டயரை வேகமாகத் தின்பது டோ, அதாவது சக்கரம் முன்னால் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு. வண்டி இறங்கியதும் டை ராடின் கோணம் மாறி, இரண்டு சக்கரமும் முன்னால் வெளிப்பக்கம் பார்க்க ஆரம்பித்திருக்கலாம். அலைன்மென்ட் பார்க்காமலேயே இத்தனை நாள் ஓட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

ஆகவே வாங்கும் வரிசை இதுதான். முதலில் புஷ், பால் ஜாயின்ட், டை ராட் எண்ட். இவை விலை குறைந்தவை, பெட்டியைத் திறந்து காட்டினால் யாரும் ‘ஆகா’ என்று சொல்லாதவை. அதனால்தான் கடைசிக்குத் தள்ளப்படுகின்றன. அடுத்து ஸ்பிரிங்கும் ஷாக்கும். இவை இரண்டும் சேர்ந்தே வர வேண்டும்: உங்களுக்கு வேண்டிய தாழ்வுக்கென்று செய்த ஸ்பிரிங், அந்த உயரத்துக்குப் பொருந்தும் குட்டை ஷாக். பழைய ஸ்ட்ரட் வகையில் உள்ளே இருக்கும் ஷாக்கை மட்டும் எடுத்து வேறு போடலாம் என்பது ஒரு வசதி. காப்ரியேல், மன்ரோ என்று கடைக்காரர் பெயர் சொன்னால் மட்டும் போதாது. அந்தப் பார்ட் நம்பர் ஸ்டாண்டர்ட் உயரத்துக்கா, தாழ்த்திய வண்டிக்கா என்று கேளுங்கள். ஸ்டாண்டர்ட் உயரத்துக்கான புதிய ஷாக்கை வெட்டிய ஸ்பிரிங்கோடு போட்டால் இந்தப் பழைய கதைதான் மறுபடியும்.

புஷ்ஷில் பாலியூரித்தேன் வேண்டுமா என்று அடுத்த கடிதம் வரும், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். தினமும் ஓட்டும் பக்கிக்கு லோயர் ஆர்மில் நல்ல ரப்பரே போதும். பாலி போட்டால் ரோட்டில் கிடக்கும் ஒவ்வொரு கல்லும் ஸ்டீரிங்கில் தெரியும். வளைவில் சாய்வைக் குறைக்கும் ஆன்ட்டி ரோல் பாரில் வேண்டுமானால் பாலி போடுங்கள்.

இனி உண்மையான மேம்பாடு. தாழ்த்திய வண்டி வளைவில் நன்றாக நிற்கும் என்றுதான் எல்லோரும் நம்புகிறார்கள். ஸ்ட்ரட் வகை முன்பக்கத்தில் ஓர் அளவுக்குக் கீழே போனால் நடப்பது தலைகீழ். லோயர் ஆர்மின் வெளிமுனை மேலே ஏறிவிடுகிறது. வளைவில் பாடி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, பாடி இறங்கியதைவிட அதிகமாகக் கீழே இறங்கிவிடுகிறது. இரண்டுக்கும் இடையே தூரம் கூடுவதால் வண்டி முன்பைவிட அதிகமாகச் சாயப் பார்க்கிறது. அதைத் தடுக்க இன்னும் கெட்டி ஸ்பிரிங், அதனால் இன்னும் அடி என்று போய்க்கொண்டே இருக்கும். இதற்கு மருந்து ஒரு சின்ன உலோகத் துண்டு: ஸ்ட்ரட்டின் அடிக்கும் ஸ்டீரிங் ஆர்முக்கும் நடுவே வைக்கும் ஸ்பேசர். அது பால் ஜாயின்ட்டையும் டை ராட் எண்டையும் சேர்த்துக் கீழே இறக்கி, ஆர்மைக் கிடைநிலைக்குக் கொண்டுவரும். பள்ளத்தில் ஸ்டீரிங் தானாகத் திரும்புவதும் குறையும். நல்ல லேத் பட்டறையில் கடைந்தது, கிரேடு அடையாளம் உள்ள நீள போல்ட்டோடு வருவது, இதை மட்டும் வாங்குங்கள். வாங்கும் முன் ரிம்மின் உள்பக்கத்தில் இடம் இருக்கிறதா என்று அளந்துகொள்ளுங்கள், ஏனென்றால் சின்ன ரிம்மில் இடிக்கும். வெல்டிங் செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு உயரத்தை அடிக்கடி ஏற்றி இறக்க வேண்டும் என்று ஆசை இருந்தால் காயில்ஓவர் வாங்கலாம். தைப்பூசத்துக்குக் கோயிலுக்குத் தேங்காய் மூட்டை ஏற்றுகிற வண்டியா, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வருகிற வண்டியா என்பதைக் கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

வீட்டு வேலை பற்றி. மட்டமான சிமென்ட் தரை, பின் சக்கரத்துக்குக் கட்டை, பாடிக்கு அடியில் இரண்டு ஸ்டாண்ட். ஜாக்கை நம்பி அடியில் போகக் கூடாது. சிமென்ட் பிளாக்கை அடுக்கி வைப்பதும் கூடாது, அது சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். ஸ்ட்ரட்டின் உச்சியில் நடுவில் இருக்கும் நட்டை, ஸ்பிரிங்கைக் கம்ப்ரஸரால் அமுக்கிப் பிடிக்காமல் கழற்றவே கூடாது. வெட்டிய ஸ்பிரிங்தானே, லூசாகத்தான் இருக்கும் என்று நினைக்காதீர்கள். அதில் எவ்வளவு அழுத்தம் மிச்சம் இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. கம்ப்ரஸரை வாடகைக்கு எடுக்கலாம், கையால்தான் திருக வேண்டும், இம்பாக்ட் கன் வேண்டாம். அந்த ஒரு வேலைக்குப் பயமாக இருந்தால் ஸ்ட்ரட்டை மட்டும் கழற்றிப் பட்டறைக்கு எடுத்துப் போங்கள், மீதியை நீங்கள் செய்யுங்கள். பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது இதுதான்.

மாட்டும்போது ஸ்பிளிட் பின்னும் நைலான் நட்டும் புதிதாகவே போடுங்கள். ரப்பர் புஷ்ஷின் போல்ட்டைச் சக்கரம் தொங்கும்போது இறுக்காதீர்கள். வண்டி தன் சக்கரத்தில் இறங்கி நின்ற பிறகுதான் இறுதியாக டார்க் ஸ்பேனர் போட வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுக்கிலேயே நின்று சீக்கிரம் கிழியும். பிரேக் ஹோஸ் எங்கும் உரசாமல் இருக்கிறதா என்று ஸ்டீரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். அன்றைக்கே மெதுவாக ஓட்டி அலைன்மென்ட் கடைக்குப் போய், அளவு அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள். ஹெட்லைட் மட்டத்தையும் சரிசெய்யச் சொல்லுங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லா போல்ட்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கடைசியாக பில். இந்தப் பக்கி பிரிட்டோரியாவுக்குப் பக்கத்தில் ரோஸ்லினில் 2008 வரை செய்யப்பட்டது. அதற்கான பாகங்களில் பெரும்பகுதி இன்று வேறு கம்பெனிகள் செய்பவை, தரம் ஏறி இறங்கும். அதனால் பில்லில் ‘ஷாக் 2, ஸ்பிரிங் 2’ என்று மட்டும் எழுத விடாதீர்கள். ‘நிசான் 1400, முன்பக்கம் இத்தனை மில்லிமீட்டர் தாழ்த்திய வண்டிக்கு’ என்று எழுதச் சொல்லுங்கள். தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு, என்ன வேலைக்கு என்று சொல்லி வாங்கிய பொருள் அந்த வேலைக்குப் பொருந்த வேண்டும் என்கிறது. 56-ஆம் பிரிவின்படி, பொருள் குறையுள்ளது என்றால் 6 மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்து, ரிப்பேரா, மாற்றுப் பொருளா, பணமா என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம். ஆனால் புதிய ஸ்பிரிங்கை வீட்டில் அறுத்துவிட்டு அந்த உரிமையைக் கேட்க முடியாது. கடையை விட்டு வந்த பிறகு மாற்றப்பட்ட பொருளுக்கு அந்த உத்தரவாதம் இல்லை.

கேள்வி (லெனேசியா): என்னுடையது பழைய டொயோட்டா ஹைலக்ஸ், முன்பக்கம் காயில் ஸ்பிரிங்குக்குப் பதில் முறுக்கித் தாங்கும் டார்ஷன் பார். போல்ட்டைத் தளர்த்தித் தாழ்த்தியிருக்கிறேன். ஓட்டம் கல்போல இருக்கிறது. தடித்த பார் வாங்கலாமா?

பதில்: போல்ட்டைத் தளர்த்துவதால் பார் கெட்டியாவதில்லை, அது பலரும் சொல்லும் தவறு. உயரம் மட்டும்தான் மாறுகிறது. ஓட்டம் கல்லாக இருப்பதற்குக் காரணம் ஆர்ம் பம்ப் ஸ்டாப்பின் மேலேயே சவாரி செய்வது. தடித்த பார் அதற்கு உதவாது. கொஞ்சம் ஏற்றி, குட்டை பம்ப் ஸ்டாப்பும் குட்டை ஷாக்கும் போட்டுப் பாருங்கள். இன்னும் தாழ வேண்டும் என்றால் டிராப் ஸ்பிண்டில்தான் முறையான வழி. சக்கரம் மேலே ஏறும், ஆர்மின் கோணம் மாறாது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்கமும் 15 சதவீத வாட் வரியும் சேரும். இரண்டு சக்கர ஓட்டமுள்ள மாடலுக்கும் நான்கு சக்கர ஓட்டத்துக்கும் ஸ்பிண்டில் வேறு, ஆர்டர் செய்யும்போது ஆண்டையும் மாடலையும் எழுத்தில் கொடுங்கள்.

கேள்வி (ஃபீனிக்ஸ்): என் மகன் தெரியாத ஒருவரிடம் பழைய காயில்ஓவர் செட் வாங்கி வந்தான். ஒரு மாதத்தில் இரண்டு கசிகிறது. விற்றவர் ‘ஃபுட்ஸ்டூட்ஸ்’ (இருக்கிற நிலையில் வாங்கிக்கொண்டது) என்று எழுதி வாங்கிக்கொண்டதால் கேட்க முடியாது என்கிறார். புதிதாக இணையத்தில் வாங்கித் தரட்டுமா?

பதில்: அம்மா, விற்றவர் கடைக்காரர் இல்லை, தன் வீட்டுப் பொருளை விற்றவர் என்றால் மேலே சொன்ன 6 மாதச் சட்டம் அவருக்குப் பொருந்தாது. இருக்கிற நிலையில் வாங்கிக்கொண்டதாக எழுதிய எழுத்தும் நிற்கும். கசிவு தெரிந்தே மறைத்தார் என்று காட்ட முடிந்தால் மட்டும் அவர் அதன் பின்னால் ஒளிய முடியாது. துடைத்து எண்ணெய் மறைத்த படம், குறுஞ்செய்தி ஏதாவது இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அவர் வாரம் ஒரு செட் விற்பவர் என்றால் அது வியாபாரம், கதை மாறும்.

இணையத்தில் இங்குள்ள கடையில் வாங்கினால், பொருள் கைக்கு வந்த 7 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம். 2002-ஆம் ஆண்டு மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டம் அந்த வசதியைத் தருகிறது, திருப்பி அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது. வண்டியில் மாட்டுவதற்கு முன் பெட்டியிலேயே அளந்து பார்க்கச் சொல்லுங்கள், கிரீஸ் பட்ட பொருளைத் திருப்பும்போது வாக்குவாதம் வரும். அப்புறம், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு வண்டி தாழ்த்தியிருப்பதை எழுதித் தெரிவித்தானா என்று கேளுங்கள். இல்லையென்றால் காயில்ஓவருக்கு முன் அதைச் செய்யட்டும்.

கேள்வி (டொங்காட்): பட்டறையில் பால் ஜாயின்ட் மாற்றி இரண்டு மாதத்தில் மறுபடி ஆட்டம். தாழ்த்திய வண்டி என்பதால் பொறுப்பில்லை என்கிறார்கள்.

பதில்: பட்டறை மாட்டிய புதிய பாகத்துக்கும் அதை மாட்டிய வேலைக்கும் 3 மாத உத்தரவாதம் சட்டப்படி உண்டு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு. வண்டியைத் துன்புறுத்தி ஓட்டினால் அது போகும். ஆனால் வேலை எடுக்கும்போதே தாழ்த்திய வண்டி என்று கண்ணால் பார்த்துத்தானே எடுத்தார்கள்? அதையே எழுத்தில் கேளுங்கள், பழைய பாகத்தையும் கேட்டு வாங்கி வையுங்கள். பதில் வராவிட்டால் மோட்டார் தொழில் ஓம்பட்ஸ்மேனுக்குப் பில்லின் நகலோடு புகார் அனுப்பலாம், அங்கும் தீராவிட்டால் தேசிய நுகர்வோர் ஆணையம். புகார் எழுதுவதற்கு முன் வேறு பட்டறையில் ஆட்டத்தை அளந்து ஒரு சிறு அறிக்கை வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாத புகார் நீண்ட நாள் இழுக்கும்.