கச்சேரிக்கு ஒரு ஹெட்போன், குத்துப் பாட்டுக்கு வேறொன்றா?

கேள்வி: எனக்கு வயது 58. கேட்பதெல்லாம் கர்நாடக சங்கீதம்தான், அதிலும் பழைய வானொலிக் கச்சேரிகள். அதை விட்டால் 80களின் சினிமாப் பாட்டு. 5,000 ரூபாய்க்குள் ஹெட்போன் வாங்கலாம் என்று கடைக்குப் போனால் ‘எக்ஸ்ட்ரா பேஸ்’ என்று போட்ட ஒன்றை எடுத்து நீட்டுகிறார்கள். மகனோ ‘ஓப்பன் பேக்’ வாங்கச் சொல்கிறான். எந்த இசைக்கு எது பொருந்தும்?

பதில்: எக்ஸ்ட்ரா பேஸ் உங்களுக்கு வேண்டவே வேண்டாம். குரல், வயலின், வீணை எல்லாம் நடு அலைவரிசையில்தான் வாழ்கின்றன. விலை குறைந்த பேஸ் ஹெட்போன்களில் 100 முதல் 300 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி வீங்கிப்போய், பாடுகிறவரின் குரலின் மேலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். மிருதங்கத்தைக் கவனியுங்கள்: தொப்பியில் (இடப்பக்கத் தோல்) கும்கி கொடுக்கும்போது, அதாவது கையால் அழுத்தித் தேய்க்கும்போது, நாதம் வளைந்து ஏறுவது காதில் விழ வேண்டும், அதே நேரத்தில் வலந்தலையில் (வலப்பக்கத் தோல்) விழும் சொற்கள் சுருதியோடு தனியாகக் கேட்க வேண்டும். வீங்கிய பேஸில் இரண்டும் சேர்ந்து ஒரே ‘தொம்’ ஆகிவிடும்.

கடையில் சோதிக்க என்னிடம் ஒரு வழி இருக்கிறது. தம்புராவைக் கேளுங்கள். தந்திக்கும் குதிரைக்கும் நடுவே செருகியிருக்கும் ஜீவாளி நூல்தான் அந்த ரீங்காரத்துக்குக் காரணம், அதில் மேல் ஒலிகள் அடுக்கடுக்காகக் கிளம்பும். பாடகர் மேல் ஷட்ஜத்தில் நிற்கும்போதும் பின்னால் தம்புரா அறுந்துபோகாமல் ஓடிக்கொண்டிருப்பது கேட்கிறதா? கேட்டால் அந்த ஹெட்போனைப் பற்றி மேற்கொண்டு பேசலாம்.

ஓப்பன் பேக் விஷயத்துக்கு வருகிறேன். காதுக் கூட்டின் பின்புறம் திறந்திருப்பதால் ஒலி அடைபடாமல் விரிந்து கேட்கும், அமைதியான அறையில் கேட்க அருமையான வகை. ஆனால் நீங்கள் சொல்லும் பழைய வானொலிப் பதிவுகளில் பெரும்பாலானவை மோனோ. இரண்டு காதுக்கும் ஒரே சிக்னல்தான் போகிறது, அதனால் எவ்வளவு அகலமான ஹெட்போனை மாட்டினாலும் பாடகர் உங்கள் தலையின் நடுவில்தான் இருப்பார். அந்த அகலத்துக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதில் அர்த்தம் இல்லை. நீங்கள் உண்மையில் பயப்பட வேண்டியது ட்ரெபிள் (மேல் ஒலி) தூக்கலான மாடல்களுக்கு, ஏனென்றால் டேப்பின் ‘ஸ்ஸ்’ இரைச்சலும் பாடகரின் ஸகர ஒலிகளும் சேர்ந்து அரை மணி நேரத்தில் காதைக் களைப்பாக்கிவிடும். மேல் ஒலி கொஞ்சம் மென்மையாக, நடு ஒலி தெளிவாக இருப்பதைத் தேடுங்கள். 80களின் பாட்டுக்கும் அதுவே போதும். பேஸ் கிட்டாரின் கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் என்பது உண்மைதான், ஆனால் அந்தக் காலப் பாடல்களில் பேஸ் கிட்டார் தனியாக ஒரு மெட்டுப் போட்டுக்கொண்டு போகுமே, அதை ஸ்வரம் ஸ்வரமாகத் தொடர வேண்டுமானால் தெளிவுதான் வேண்டும், அளவு அல்ல.

இசை வகைக்கு ஒரு ஹெட்போன் என்பதே பெரும்பாலும் விற்பனைப் பேச்சு. ஹார்மன் என்ற ஒலிக்கருவி நிறுவனத்தில் ஷான் ஓலிவ் குழுவினர் பல நாட்டு ஆட்களை உட்காரவைத்துக் கேட்கச் சொல்லி ஆராய்ந்தபோது, பெரும்பாலானோருக்குப் பிடித்த ஒலிச் சமநிலை ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. பேஸ் எவ்வளவு வேண்டும் என்பதில்தான் ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறுகிறது, அதைப் போனில் இருக்கும் ஈக்குவலைசரிலேயே சரிசெய்துகொள்ளலாம். எங்கே உட்கார்ந்து கேட்பீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஓப்பன் பேக்கில் உங்கள் பாட்டு பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும், அவர் பார்க்கும் டிவி உங்களுக்கும் கேட்கும். கூட்டுக் குடும்பம் என்றால் மூடிய வகையே நிம்மதி. வயருள்ள ஆடியோ டெக்னிகா எம்20எக்ஸ் மாதிரியான ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். அதன் மின்தடை 47 ஓம்தான், போனே ஓட்டிவிடும். 250, 300 ஓம் மாடல்களுக்கு தனியாக ஆம்ப்ளிஃபயர் தேவைப்படும், அந்தப் பக்கம் இப்போது போக வேண்டாம். கண்ணாடி போடுபவர் என்றால் கண்ணாடியோடே மாட்டிப் பாருங்கள், காம்பு குஷனைத் தூக்கினால் பேஸ் கசிந்துவிடும்.

கேள்வி: நான் கேட்பது கானா, குத்து, ஈடிஎம் (எலக்ட்ரானிக் நடன இசை), கொஞ்சம் மெட்டல். எல்லாரும் புகழ்கிறார்களே என்று ஒரு ஐஇஎம் (காதுக்குள் செருகும் வகை) வாங்கினேன். பேஸே இல்லை. பஸ்ஸில் வால்யூமை முழுசாக வைத்தாலும் அப்படித்தான். ஏமாந்துவிட்டேனா?

பதில்: திருப்பி அனுப்புவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். பாட்டு ஓடும்போது இரண்டு பக்கத்தையும் விரலால் லேசாக உள்ளே அழுத்துங்கள். பேஸ் சட்டென்று வந்தால் ஐஇஎம்மில் குறை இல்லை, ரப்பர் டிப் உங்கள் காதை அடைக்கவில்லை, அவ்வளவுதான். கொஞ்சம் காற்று போக இடம் இருந்தாலே கீழ் ஒலி முழுக்கப் போய்விடும். பெட்டியில் வரும் எல்லா அளவையும் போட்டுப் பாருங்கள். வலது காதுக்கு ஒரு அளவு, இடது காதுக்கு வேறு அளவு தேவைப்படுவது சகஜம். எதுவும் சேரவில்லை என்றால் ஃபோம் டிப் வாங்குங்கள், பஸ் சத்தமும் நன்றாகக் குறையும்.

ஈடிஎம்முக்கு 30 முதல் 60 ஹெர்ட்ஸ் வரையிலான அடி ஒலி நிஜமாகவே வேண்டும், அதில் உங்கள் பக்கம்தான் நியாயம். மெட்டலுக்கு அப்படி இல்லை. டபுள் பேஸ் டிரம் வேகமாக ஓடும்போது ஒவ்வொரு அடியும் விழுந்த கையோடு அடங்க வேண்டும், பேஸ் தூக்கலாக இருந்தால் எல்லாம் சேறாகிவிடும். அதனால் சமநிலையான ஒன்றை வைத்துக்கொண்டு, ஈடிஎம் கேட்கும்போது மட்டும் ஈக்குவலைசரில் கீழ்ப்பகுதியை ஏற்றிக்கொள்ளுங்கள். முழு வால்யூமை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பெரியவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரம் 40 மணி நேரம்தான் பாதுகாப்பான வரம்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம், சத்தம் ஏற ஏற அந்த நேரம் மளமளவென்று சுருங்கும். போன செவித்திறன் திரும்பி வராது.

கேள்வி: ஐபோன் வைத்திருக்கிறேன். எல்டேக் என்ற கோடெக் (ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை) உள்ள ப்ளூடூத் ஹெட்போனுக்குக் கூடுதலாகக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். ஐபோனில் எல்டேக் கிடையாது, எந்த ஹெட்போனை இணைத்தாலும் ஏஏசி அல்லது எஸ்பிசி கோடெக்கில்தான் ஓடும். ஆண்ட்ராய்டு என்றால் யோசிக்கலாம், அப்போதும் கோடெக்கைவிட ஹெட்போனின் ட்யூனிங்தான் காதுக்குத் தெரியும்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய ஹெட்போனில் இடது பக்கம் கேட்கவில்லை. பெட்டியைப் பிரித்துவிட்டதால், சுகாதாரக் காரணம் சொல்லித் திருப்பி எடுக்க மறுக்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: சவுண்டு பிடிக்கவில்லை என்பது வேறு. அதற்கு விற்பவரின் ரிட்டர்ன் விதி என்ன சொல்கிறதோ அதுதான். குறையுள்ள பொருள் அப்படி அல்ல: 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, குறைபாடுள்ள பொருளையோ விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையோ திரும்ப எடுக்க விற்பவர் மறுக்கக் கூடாது. இடது பக்கம் வேலை செய்யாததை வீடியோ எடுத்து, பில்லோடு சேர்த்து முதலில் எழுத்தில் புகார் அனுப்புங்கள், போனில் பேசியதற்குச் சாட்சி இருக்காது. அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.