பக்கத்துப் பனங்கூடல் பத்தினால் மாட்டை, வீட்டை எப்பிடிக் காப்பாத்திறது?

கேள்வி: ஐயா, நான் யாழ்ப்பாணத்தில மிருசுவில் பக்கம். வீட்டுக்குத் தெற்கால ஆக்களில்லாத பனங்கூடல், போன மாசம் அதில ஒரு மூலை எரிஞ்சு கரி முத்தம் வரைக்கும் பறந்து வந்தது. தகரக் கூரை, கிடுகு வேலி, ரெண்டு மாடு, ஒரு கண்டு, வைக்கல் கும்பி கொட்டிலோட ஒட்டினபடி. என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, முதல் அந்த வைக்கலை இடம் மாத்துங்கோ, மிச்சத்தைப் பிறகு கதைப்பம். கூடல் எரியேக்க அனேகமா பொறிதான் பறந்து வந்து வீட்டைப் பிடிக்கும். வடலியில, அதுதான் இளம் பனையில, காஞ்ச ஓலை நிலம் வரைக்கும் தொங்கிக்கொண்டு நிக்குமெல்லோ, அதில நெருப்பு சர்ரெண்டு ஏறும், பிறகு சோளகக் காத்து பொறியை அள்ளிக்கொண்டு வந்து கொட்டும். செப்டம்பர் வரைக்கும் காத்து தென்மேற்கால தான், அதால கும்பியை வளவின்ர வடகிழக்கு மூலைக்கு, கொட்டிலில இருந்து ஒரு 50 அடி தள்ளிப் போடுங்கோ. அது பிடிச்சாலும் காத்து வீட்டுப் பக்கம் கொண்டுவராது.

அடுத்தது வீட்டின்ர தெற்குப் பக்கம். சுவரில இருந்து 5 அடிக்கு ஒண்டும் கிடக்கக் கூடாது, தாவாரத்துக்குக் கீழ அடுக்கின விறகு, பழைய சாக்கு, பீலிக்குள்ள கிடக்கிற சருகு எல்லாம் போகோணும். கிடுகு வேலி திரி மாதிரி, நெருப்பை வீட்டடிக்கு இழுத்துக்கொண்டு வரும், வீட்டோட முட்டுற ஒரு 10 அடியை மட்டும் கழட்டிப்போட்டு தகரத்தை அடியுங்கோ, மாரி தொடங்க பூவரசங் கதியால் நடலாம்.

மோட்டரை நம்பாதேங்கோ, வயர் எரிஞ்சா கரண்ட் போயிடும். ரெண்டு பரல் நிறையத் தண்ணி, வாளி, நனைக்கச் சாக்கு, இவ்வளவும் கொட்டிலடியில எப்பவும் இருக்கோணும்.

மாட்டுக் கதைக்கு வாறன். நான் போன ஒரு வீட்டில நைலோன் கயித்து முடிச்சு இறுகி, புகைக்குள்ள நிண்டு அவிழ்க்க ஏலாமப் போச்சுது, மாடு தப்பினது, ஆனா மடி வெந்திட்டுது. இழுத்தா அவிழுற சுருக்கு முடிச்சுப் போடுங்கோ, கொட்டில் கப்பில ஒரு கத்தியும் செருகி வையுங்கோ. கண்டை முதல் கொண்டு போனா தாய் பின்னால வரும். உழுத வெறுங்காணிக்கு விட்டிட்டு கொட்டில் வாசலைத் தடியால மறியுங்கோ, பயந்த மாடு பழகின இடத்துக்குத் திரும்ப ஓடும். வெந்த இடத்துக்குப் பச்சைத் தண்ணி மட்டும், எண்ணெய் பூசாதேங்கோ. இருமலோ மூச்சு வாங்கிறதோ இருந்தா அண்டைக்கே மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கோ.

நெருப்பு முழங்காலுக்கு மேல எழும்பினா அடிச்சு நூக்கப் போகாதேங்கோ, தீயணைப்புக்காரருக்கு 110 இல அடிச்சிட்டு வெளிக்கிடுங்கோ. காணி உறுதி, அடையாள அட்டை ஒரு பாக்கில இருக்கோணும், உது எங்கட சனத்துக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை.

கூடல்காரரை ஒருக்கா பிடிச்சுக் கதையுங்கோ. பனை தறிக்கத்தான் அனுமதி வேணும், காவோலை இழுக்கிறதுக்கு என்ன. அதைக் குவிச்சு எரிக்காம உங்கட தோட்டத்தில தாட்டுவிடுங்கோ, நல்ல பசளை.