கீபோர்டில் யார் கை?

கேள்வி: கத்தோலிக்கப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூவுக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கிறேன். அரசு உதவி பெறும் பள்ளி. ‘நம் கிறிஸ்தவ விழுமியம் உங்கள் பாடத்திலும் தெரிய வேண்டும்’ என்கிறார் ஹெச்.எம். சிஸ்டர். பாதிப் பேர் இந்து, முஸ்லிம் பிள்ளைகள். நாற்பது பேருக்குப் பத்து கம்ப்யூட்டர்தான். நான் எடுக்கும் பைத்தான் புரோகிராமிங் மொழியில் வேத வசனத்தை எங்கே நுழைப்பது?
- ஓர் ஆசிரியை, தூத்துக்குடி மாவட்டம்

பதில்: நுழைக்க வேண்டாம் டீச்சர். ஸ்கிரீனில் எழுத்தைக் காட்டும் பிரிண்ட் ஸ்டேட்மென்ட்டுக்குள் வசனத்தைப் போட்டால் புரோகிராம் ஓடும்; அதனால் பைத்தானும் கூடுதலாக வராது, பக்தியும் வராது. உதவி பெறும் பள்ளியில் பெற்றோர் சம்மதமின்றி எந்தப் பிள்ளையையும் மதபோதனையில் உட்கார வைக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 28-ஆவது பிரிவும் சொல்கிறது. மறைக்கல்விக்குத் தனி பீரியட் இருக்குமே, அது அங்கேயே நடக்கட்டும்.

சிஸ்டர் கேட்கும் விழுமியம் லேபில்தான் இருக்கிறது. அடுத்த பிராக்டிகலில் ஒரு கம்ப்யூட்டர் பக்கத்தில் சும்மா நின்று பாருங்கள். வீட்டில் லேப்டாப் உள்ளவள் நடுவில் உட்கார்ந்து டைப் அடிப்பாள். ஓரத்தில் நிற்பவள் ரெக்கார்டு நோட்டை நெஞ்சோடு அணைத்தபடி, ஸ்கிரீனை எட்டி எட்டிப் பார்த்து அவுட்புட்டை எழுதிக்கொள்வாள். வருடம் முழுக்க அவள் விரல் ஒரு கீயில்கூடப் பட்டிருக்காது. ஆனால் ரெக்கார்டில் நம் கையெழுத்து இருக்கும். நானும் அப்படி எத்தனையோ நோட்டுகளில் போட்டிருக்கிறேன், இன்றும் மனது உறுத்துகிறது.

கால் மணிக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள். ஓரத்தில் நின்றவள் முதலில் உட்காரட்டும். தெரிந்தவள் வாயால் சொல்லலாம், கீபோர்டைத் தொடக் கூடாது. ரெக்கார்டில் அவுட்புட்டோடு, வந்த எர்ரரையும் எழுதச் சொல்லுங்கள்: எந்த வரியில் இன்டென்டேஷன் (வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளி) தப்பியது, எப்படிச் சரிசெய்தாள் என்று. அடுத்தவள் நோட்டைப் பார்த்து எழுதியவளிடம் சொந்தமாக ஒரு எர்ரர் இருக்காது. உள்ளதை உள்ளபடி எழுதியவளைத் திட்டாமல் பாராட்டுங்கள். பொதுத் தேர்வில் பிராக்டிகலுக்கு 20 மதிப்பெண். அன்று அவள் தனியாகத்தான் உட்கார வேண்டும்.

சிஸ்டரிடம் மேரி கென்னத் கெல்லரைப் பற்றிச் சொல்லுங்கள். கன்னியாஸ்திரி. 1965-இல், அமெரிக்காவில் கணினி அறிவியலில் முதன்முதலாக முனைவர் பட்டம் பெற்றவர்களில் ஒருவர். அயோவா மாநிலத்தில் தம் சபையின் பெண்கள் கல்லூரியில் கணினித் துறையைத் தொடங்கி இருபது ஆண்டுகள் நடத்தினார். படிக்க வந்த தாய்மாரைக் கைக்குழந்தையோடு வகுப்புக்கு வரச் சொன்னவர் அவர்.

சொல்லிவிட்டு, சிஸ்டரையும் ஒருநாள் லேபுக்கு அழைத்து வாருங்கள். கீபோர்டில் யார் கை இருக்கிறது என்று அவரே பார்க்கட்டும்.