ஆல்பம் வேலைக்கு நின்று தொலைக்காத கம்ப்யூட்டர்: கேட்டதும் சொன்னதும்

மதுரையைச் சுற்றியுள்ள ஸ்டுடியோக்களுக்கு டெஸ்க்டாப் அசெம்பிள் செய்து கொடுப்பதும், நின்றுபோனதைத் திறந்து பார்ப்பதும் என் பிழைப்பு. போட்டோ எடிட்டிங் மெஷின் பற்றி மட்டும் கேளுங்கள். கேமிங்கும் லேப்டாப்பும் என் ஏரியா இல்லை.

திருமங்கலம், கல்யாண போட்டோகிராபர்: அண்ணே, லைட்ரூம், போட்டோஷாப், ஆல்பம் டிசைன் மூன்றையும் ஒன்றாகத் திறந்து வைத்து வேலை பார்ப்பேன். கூடவே குரோம், வாட்ஸ்அப். மானிட்டர் இருக்கிறது. புது சிபியு போட வேண்டும். வேகம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை, நிற்கக் கூடாது.

தம்பி, கடைசியில் சொன்னீர்கள் பாருங்கள், அதற்காகவே எஸ்.எம்.பி.எஸ்., அதாவது உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் பெட்டியிலிருந்து ஆரம்பிக்கிறேன். எல்லோரும் ப்ராசசரில் ஆரம்பித்து, கையில் மிஞ்சுகிற காசுக்கு எஸ்.எம்.பி.எஸ். வாங்குகிறார்கள். கேபினெட்டோடு இனாமாக வருகிறதே ஒரு தகரப் பெட்டி, அதைக் கடையிலேயே கழற்றிக் கொடுத்துவிட்டு வாருங்கள். 650 வாட், 80 பிளஸ் கோல்டு எடுங்கள். அந்த முத்திரை கரண்டை வீணாக்காமல் மாற்றுகிறதா என்பதை மட்டும்தான் சொல்லும். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் எத்தனை வெயிலைத் தாங்கும் என்று சொல்லாது. அதனால் வாரண்டியையும் பாருங்கள், ஏழு வருஷத்துக்குக் குறைந்து வேண்டாம்.

ப்ராசசர் ரைசன் 7 9700எக்ஸ். எட்டு கோர், 65 வாட். ஏசி இல்லாத மாடி ரூமில் சித்திரை மாதம் உட்கார்ந்து எக்ஸ்போர்ட் போட்டிருப்பீர்கள் இல்லையா, அந்த ரூமுக்கு 65 வாட் சிப்தான் லாயக்கு. இதற்குக் காற்று கூலரே தாராளம். லிக்விட் கூலரில் பம்ப் என்று இன்னொரு ஓடும் சாமான் சேருகிறது, அதுவும் ஒருநாள் நிற்கும்.

ரேம் 32 ஜிபி, 16ஆக இரண்டு. மதர்போர்டில் நான்கு ஸ்லாட் இருக்கிறதே என்று எட்டு எட்டாக நான்கு போடாதீர்கள். இந்த ப்ராசசருக்கு ஏஎம்டி உறுதி சொல்லும் வேகம் இரண்டு ஸ்டிக்குக்கு 5600. நான்கு போட்டால் அதே கம்பெனி 3600 என்றுதான் சொல்கிறது. பின்னால் 64 வேண்டுமென்றால் 32ஆக இரண்டு வாங்கி, பழையதை விற்றுவிடுங்கள். டப்பாவில் 6000 என்று போட்டிருக்கும். அதைத் தொட வேண்டுமானால் பயாசில் (போர்டின் அடிப்படை செட்டிங்) எக்ஸ்போ என்ற ஒன்றை ஆன் செய்ய வேண்டும், அது கணக்குப்படி ஓவர்கிளாக்கிங், அதாவது உறுதி சொன்ன வேகத்தைத் தாண்டி ஓட்டுவது. பெரும்பாலும் ஓடும். முகூர்த்த சீசனில் ‘பெரும்பாலும்’ எனக்குப் போதாது, நான் 5600இல் விட்டுவிடுவேன். போட்டோவில் அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

கிராபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 5060, 8 ஜிபி. 2023 ஏப்ரலில் லைட்ரூமில் படத்தின் புள்ளி இரைச்சலை நீக்கும் ஏஐ டீநாய்ஸ் வந்ததிலிருந்து கார்டுக்கு நிஜமான வேலை இருக்கிறது. மண்டப வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ 6400இல் எடுத்த நானூறு படத்தைச் சுத்தம் செய்யும்போது ப்ராசசர் சும்மா வேடிக்கை பார்க்கும், உழைப்பது கார்டுதான். அது 145 வாட் இழுக்கும். ப்ராசசரையும் மற்றதையும் சேர்த்தால்கூட 650இல் பாதிதான் வரும், அந்த இடைவெளி இருக்கட்டும்.

என்விஎம்ஈ எஸ்எஸ்டி இரண்டு. ஒன்றில் விண்டோஸும் சாப்ட்வேரும், இன்னொன்றில் லைட்ரூம் கேட்டலாக்கும் நடக்கிற வேலையும். இரண்டாவதை டிஎல்சி என்று கேட்டு வாங்குங்கள், அது உள்ளே இருக்கும் மெமரி சிப்பின் வகை. விலை குறைந்த க்யூஎல்சியில் முதல் கொஞ்ச ஜிபி பறக்கும், கேஷ் நிரம்பியதும் ஹார்ட் டிஸ்க் மாதிரி ஊர்ந்துபோகும். 200 ஜிபி கல்யாணத்தை ஒரே மூச்சில் கொட்டும் நமக்கு அது ஆகாது.

ஒன்று மறந்துவிடாதீர்கள். முதல்முறை ஆன் செய்ததும் சில நிமிஷம் திரை கறுப்பாகவே இருக்கும். டிடிஆர்5 ரேமை போர்டு பழகிப் பார்க்கும் நேரம் அது. போர்டு போச்சு என்று ஆஃப் செய்து ஆஃப் செய்து போட்டால் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து ஆரம்பிக்கும். எழுந்து போய் டீ குடித்துவிட்டு வாருங்கள்.

உசிலம்பட்டி: இன்டெலா, ஏஎம்டியா? நண்பர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

இரண்டு பக்கமும் கறை உண்டு. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்புகளில் தேவைக்கு மேல் வோல்டேஜ் போய், சிப் மெல்லத் தேய்ந்து, மெஷின் காரணமில்லாமல் விழுந்துகொண்டிருந்தது. 2024இல் இன்டெலே ஒத்துக்கொண்டு ஆகஸ்டில் திருத்தம் விட்டது, வாரண்டியையும் இரண்டு வருஷம் நீட்டியது. அந்த ஐ7, ஐ9 வைத்திருப்பவர்கள் பயாஸ் அப்டேட் செய்துகொள்ளுங்கள். ஆனால் ஏற்கெனவே தேய்ந்த சிப் அப்டேட்டால் குணமாகாது, வாரண்டியில் மாற்றத்தான் வேண்டும். ஏஎம்டி பக்கம் 2023இல் சில எக்ஸ்3டி சிப்புகள் சாக்கெட்டிலேயே கருகின. அதற்கும் அதிக வோல்டேஜ்தான் காரணம், அப்புறம் 1.3 வோல்ட்டில் கட்டுப்படுத்தினார்கள். இன்று புதிதாக வாங்கினால் கோர் அல்ட்ராவும் சரி, ரைசன் 9000உம் சரி. பக்கத்தில் எதற்கு நல்ல போர்டு கிடைக்கிறதோ அதை எடுங்கள்.

மேலூர்: எக்ஸ்போர்ட் போட்டால் பாதியில் ரீஸ்டார்ட். ஈவென்ட் வியூவரில் ‘கெர்னல் பவர் 41’ என்று வருகிறது. சர்வீஸ்காரர் விண்டோஸ் பிரச்சினை என்று பார்மட் அடித்தார். மறுநாளும் அதே கதை.

41 என்றால் ‘முறையாக ஷட்டவுன் ஆகாமல் மெஷின் மறுபடி ஆன் ஆனது’ என்று விண்டோஸ் எழுதி வைக்கும் குறிப்பு, அவ்வளவுதான். ஏன் நின்றது என்று அதற்கே தெரியாது. அதே பட்டியலில் ‘வீயா லாகர்’ (WHEA-Logger) என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஹார்ட்வேரே தன் பிழையைச் சொல்லியிருக்கிறது, அங்கிருந்து தேடுங்கள். இல்லாவிட்டால் முதல் சந்தேகம் எஸ்.எம்.பி.எஸ். மேல். எக்ஸ்போர்ட்டில்தான் ப்ராசசரும் கார்டும் ஒரே நேரத்தில் இழுக்கும், இளைத்துப்போன பெட்டி அங்கேதான் கையை விரிக்கும். தெரிந்தவரிடம் நல்லதாக ஒன்று இரவல் வாங்கி மாட்டி, ஒரு நாள் ஓட்டுங்கள்.

இரவோடு இரவாக, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐயும் ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ரேம் வேண்டாம். கெட்ட ரேம் எப்போதும் மெஷினை நிறுத்தாது, சத்தமில்லாமல் ஃபைலைக் கெடுக்கும். கேமரா கார்டிலிருந்து இறங்கிய படத்தில் கீழ்ப்பாதி ஊதா நிறப் பட்டையாக வந்திருக்கிறதா? பலர் மெமரி கார்டைத் திட்டுவார்கள், குற்றவாளி ரேமாக இருக்கும். இறக்கியதைத் திறந்து பார்த்து, இன்னொரு டிஸ்க்கிலும் நகல் போடும்வரை கார்டை பார்மட் செய்யாதீர்கள்.

காளவாசல்: அண்ணே, செருப்பில்லாமல் நின்று கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்கிறது. எஸ்.எம்.பி.எஸ். போச்சா?

போகவில்லை. உங்கள் வீட்டு எர்த் போச்சு, அல்லது அது எப்போதுமே இருந்ததில்லை. எஸ்.எம்.பி.எஸ். வாசலில் பேஸ், நியூட்ரல் இரண்டிலிருந்தும் பாடிக்கு ஆளுக்கொரு குட்டி கெப்பாசிட்டர் போட்டிருப்பார்கள், இரைச்சலை எர்த்துக்கு அனுப்ப. எர்த் இல்லையென்றால் பாடி நடுவில் தொங்கிக்கொண்டு, 230இல் பாதியளவு வோல்டேஜில் நிற்கும். கரண்ட் துளிதான், ஆள் சாகமாட்டார். ஆனால் அந்த நிலையில் எச்டிஎம்ஐயோ பிரிண்டரோ சொருகினால் போர்ட் சாகலாம்.

மல்டிமீட்டரில் பேஸுக்கும் எர்த்துக்கும் வைத்துப் பாருங்கள். 230க்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஒன்றிரண்டு வோல்ட் இருக்கலாம். வேறு மாதிரி காட்டினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

சிம்மக்கல், எலக்ட்ரீஷியன்: சார், இதற்கு எர்த் குழி எல்லாம் எதற்கு? பிளக் பாயிண்டுக்குள்ளேயே நியூட்ரலிலிருந்து எர்த் பின்னுக்கு ஒரு துண்டு வயர் போட்டால் போதும். ஷாக் அடிக்காது, மீட்டரிலும் 230 காட்டும். எத்தனையோ கடைக்குச் செய்திருக்கிறேன், ஒரு புகார் வந்ததில்லை.

அந்தத் துண்டு வயரை தயவுசெய்து கழற்றிவிடுங்கள். வெளியே எங்கேயாவது நியூட்ரல் அறுந்தது என்று வையுங்கள். வீட்டில் ஓடுகிற லைட், பேன் வழியாகப் பேஸ் நியூட்ரலுக்குள் ஏறி, உங்கள் துண்டு வயர் வழியாகக் கேபினெட்டுக்கு வரும். முழுசாக 230. சுர்ரென்றது இப்போது ஆளைத் தூக்கும்.

சிம்மக்கல், எலக்ட்ரீஷியன்: கசிவு வந்தால் கரண்டை வெட்டும் ஆர்.சி.சி.பி. இருந்தால் ட்ரிப் ஆகிவிடுமே சார்? அதோடு மின்வாரியமே டிரான்ஸ்பார்மரில் நியூட்ரலை எர்த் பண்ணித்தானே வைத்திருக்கிறான். அங்கே சரி, இங்கே தப்பா?

டிரான்ஸ்பார்மரில் செய்வது மண்ணுக்கு. நீங்கள் செய்வது மண்ணே இல்லாமல். இடையில் கம்பி அறுந்தால் உங்கள் பக்கத்து நியூட்ரலுக்கு மண்ணோடு எந்தத் தொடர்பும் இல்லை. ஆர்.சி.சி.பி. போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் சமமா என்று மட்டும் பார்க்கும். பாடியில் கசிகிறது உங்கள் வயர் வழியாக நியூட்ரலிலேயே திரும்பினால் அதன் கணக்கில் எல்லாம் சமம். அதனால் வாயைத் திறக்காது.

திருநகர்: அண்ணே, அவர் சொல்வது மாதிரிதான் எங்கள் வீட்டிலும் இருக்கிறதோ என்று பயமாக இருக்கிறது. எப்படிக் கண்டுபிடிப்பது?

அயர்ன் பாக்ஸை அதே ஸ்விட்ச் போர்டில் ஓட விட்டு, மல்டிமீட்டரில் நியூட்ரல்-எர்த் வோல்டேஜ் பாருங்கள். உண்மையான எர்த் என்றால் லோடு ஏறும்போது வோல்டேஜ் கொஞ்சமாவது நகரும். லோடு இருந்தும் அசையாமல் பூஜ்யமே காட்டினால் உள்ளே துண்டு வயர் இருக்கிறது என்று சந்தேகப்படலாம். மெயினை ஆஃப் செய்யாமல் பாயிண்டைத் திறக்காதீர்கள்.

சிம்மக்கல், எலக்ட்ரீஷியன்: சரி சார், வாடகைக் கடை, கீழே முழுக்க சிமெண்ட். குழி எங்கே தோண்டுவது?

இது நியாயமான கேள்வி. கட்டிடத்துக்கு ஏற்கெனவே குழி இருக்கும், பல இடத்தில் மீட்டர் பெட்டியோடு வயர் நின்றிருக்கும். அங்கிருந்து தனி எர்த் வயர் இழுங்கள். உப்பும் கரியும் போட்ட பழைய குழி என்றால் கோடையில் மண் காய்ந்து எர்த் செத்துவிடும், வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். குழியே இல்லையென்றால் ஓனரிடம் பேசுங்கள். உங்களுக்கும் அது ஒரு வேலைதானே, காசு வாங்கிக்கொண்டு செய்யுங்கள்.

அண்ணா நகர்: இன்டெல் நல்லதா ஏஎம்டி நல்லதா சார்?

உசிலம்பட்டிக்காரருக்குச் சொன்னதுதான்.

வாடிப்பட்டி, வீட்டிலிருந்து ஆல்பம் டிசைன் செய்யும் பெண்: அண்ணா, வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. கரண்ட் போனால் சிபியு ஆஃப் ஆகி ஆன் ஆகிறது. தனியாக யு.பி.எஸ். வேண்டுமா?

முதலில் இன்வெர்ட்டர் பின்னால் ஒரு ஸ்விட்ச் இருக்கிறதா பாரும்மா. ‘யு.பி.எஸ்.’ பக்கம் தள்ளினால் மாறும் நேரம் குறையும். நல்ல எஸ்.எம்.பி.எஸ். பத்துப் பதினைந்து மில்லிசெகண்ட் மூச்சைப் பிடித்துக்கொள்ளும், அதற்குள் மாறிவிட்டால் ஆஃப் ஆகாது. அப்புறம், அது சைன் வேவா, ஸ்கொயர் வேவா? ஸ்கொயர் வேவ் என்றால் இன்றைய எஸ்.எம்.பி.எஸ்.கள் முரண்டு பிடிக்கும், சில உறுமும், சில அணையும். அப்படியானால் கம்ப்யூட்டருக்கென்று தனி யு.பி.எஸ். வாங்கம்மா, சைன் வேவ் கேட்டு. வேலையைச் சேவ் செய்து அணைக்கப் பத்து நிமிஷம் கிடைத்தால் போதும். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்து சாயங்காலம்வரை நிறுத்துகிறார்களே, அந்த அளவுக்கு யு.பி.எஸ்.ஸை நம்பாதம்மா.

திண்டுக்கல் ரோடு, ஸ்டுடியோ: மானிட்டரில் பளிச்சென்று இருக்கிற முகம் ஆல்பத்தில் கறுத்து வருகிறது. கிராபிக்ஸ் கார்டு மாற்றலாமா?

வேண்டாம். மானிட்டர் வெளிச்சம் அதிகம். பாதிக்கும் கீழே குறையுங்கள். கணக்காக வேண்டுமென்றால் 100 முதல் 120 நிட்ஸ் (வெளிச்சத்தின் அளவு), அதற்குக் கேலிப்ரேட்டர் என்ற அளவிடும் கருவி வேண்டும். ஐபிஎஸ் பேனல், எஸ்ஆர்ஜிபி முழுசு, இவ்வளவு இருந்தால் நம் பிரிண்ட் லேபுக்கு ஏராளம். அதற்கு மேல் கலர் விஷயத்தை உங்கள் லேப்காரரிடம் கேளுங்கள், என்னைவிட அவருக்குத்தான் தெரியும்.

சோழவந்தான்: ஆன்லைனில் பழைய சர்வர் ஜியான் ப்ராசசர், சீன போர்டு, 64 ஜிபி ரேம் சேர்த்துக் கொள்ளை மலிவாக வருகிறது. இருபது கோர்!

போட்டோஷாப்புக்கு இருபது கோரால் பெரிய பிரயோஜனம் இல்லை, ஒவ்வொரு கோரும் வேகமாக இருக்க வேண்டும். அந்தப் போர்டுக்கு வாரண்டி கிடையாது, பயாஸ் அப்டேட் கிடையாது. வேண்டாம். கேபினெட்டோடு வரும் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் வேண்டாம், யாரும் கேட்காவிட்டாலும் இன்னொரு முறை சொல்லி வைக்கிறேன்.

பேரையூர்: சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போய் வாங்கினால் லாபமா, இங்கேயே டவுன் ஹால் ரோடு பக்கம் வாங்கலாமா?

போர்டும் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் இங்கே, பில்லோடு. ரிப்பேர் வந்தால் சாயங்காலமே கொண்டுபோய்க் கொடுக்கலாம். மற்றதெல்லாம் எங்கே மலிவோ அங்கே.

அலங்காநல்லூர்: ஜல்லிக்கட்டு எடுப்பேன். வாடிவாசல் புழுதி கேமராவில் இருக்கிறதோ இல்லையோ, சிபியுவுக்குள் செம்மண்ணே இருக்கிறது.

தூசி வலை உள்ள கேபினெட், முன்னால் இரண்டு பேன் உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள. தரையில் வைக்காமல் ஒரு ஸ்டூலில் ஏற்றுங்கள். ஆடியில் வேலை குறைவாக இருக்கும்போது திறந்து புளோயர் அடியுங்கள், பேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு. கேமரா பையைச் சிபியு பக்கத்தில் வைத்துத் தட்டாதீர்கள்.

எல்லிஸ் நகர்: இன்டெல்...

மேலே.

மேலூர் (மறுபடி): அண்ணே, மெம்டெஸ்டில் மூன்று பிழை வந்திருக்கிறது. புது ரேம் விலை கேட்டால் தலை சுற்றுகிறது. இறங்கும்வரை பொறுக்கலாமா?

2025 கடைசியிலிருந்து ஏறிய விலை அது. ஏஐ கம்பெனிகள் மெமரியை மொத்தமாக அள்ளுகின்றன. எப்போது இறங்கும் என்று ஜோசியம் சொல்ல நான் ஆளில்லை. முதலில் டப்பாவைத் தேடுங்கள், பல கம்பெனி ரேமுக்கு ஆயுள் வாரண்டியே கொடுக்கிறது. இரண்டு ஸ்டிக்கையும் தனித்தனியாகச் சோதித்து, கெட்டது எது என்று பாருங்கள். மாற்று வரும்வரை நல்லது ஒன்றை மட்டும் போட்டு ஓட்டுங்கள், மெதுவாகத்தான் ஓடும். அதுவரை குரோமை மூடி வையுங்கள்.