புதுக் கிராமத் திட்டம் மலாயாவில் பலித்தது, வியட்நாமில் ஏன் பலிக்கவில்லை?

மலாயாவில் 1948-ல் மூண்ட கம்யூனிஸ்ட் கெரில்லாப் போருக்கு உயிர்நாடி, காட்டோரச் சீனக் குடியிருப்புகளிலிருந்து போன அரிசி. 1950-ல் பிரிட்டிஷ் ஜெனரல் பிரிக்ஸ் குறிவைத்தது அதைத்தான். ஏறக்குறைய 5 லட்சம் பேர் முள்வேலியிட்ட புதுக் கிராமங்களுக்கு மாற்றப்பட்டார்கள். ரப்பர் தோட்டங்களில் தமிழர் குடியிருப்புகளும் ஓரிடத்தில் திரட்டப்பட்டன. சில பகுதிகளில் அரிசியைப் பொதுவில் வடித்துச் சோறாகவே கொடுத்தார்கள். சோறு சீக்கிரம் ஊசிப்போகும், காட்டில் பதுக்க முடியாது. டின் உணவை விற்கும்போதே கடைக்காரர் ஓட்டை போட்டுவிட வேண்டும். கொடுமையான முறைதான், ஆனால் கெரில்லாக்களைப் பட்டினி போட்டது. 1952-ல் பிரிட்டிஷ் ஹைகமிஷனர் டெம்ப்ளர் காலத்தில் சீனர்களுக்குக் குடியுரிமை வாய்ப்பு விரிந்தது. 1957-ல் சுதந்திரம் வந்ததும் போராடக் காரணமே குறைந்துபோனது.

1962-ல் தெற்கு வியட்நாம் அதிபர் நியோ தின் தியெம் இதே வழியில் இறங்கினார். அங்கே பெயர்க்கப்பட்டவர்களோ முன்னோர் கல்லறை இருக்கும் மண்ணை விட்டு நகர மனமில்லாத விவசாயிகள். அவசரமாக ஆயிரக்கணக்கில் கட்டிய கிராமங்களில் வேலி இருந்தது, போதிய காவல் இல்லை. கம்யூனிஸ்ட் கெரில்லாக்களான வியட்காங் ஆட்களும் ஊருக்குள்ளேயே இருந்தார்கள். 1963 நவம்பரில் தியெம் கொல்லப்பட்டதும் திட்டம் சரிந்தது.

என் மதிப்பீட்டில் பிலிப்பைன்ஸில் பாதுகாப்பு அமைச்சராகவும் பிறகு அதிபராகவும் இருந்த ரமோன் மகசேசேதான் கெட்டிக்காரர். சரணடைந்த ஹுக் போராளிகளுக்கு (அந்நாட்டுக் கம்யூனிஸ்ட் விவசாயக் கெரில்லாக்கள்) தெற்கே மின்டனாவோ தீவில் நிலம் கொடுத்து, அவர்களுடைய ‘நிலமற்றோர்க்கு நிலம்’ முழக்கத்தையே பறித்துக்கொண்டார். நிலம் பெற்ற குடும்பங்கள் குறைவுதான், செய்தி பரவியதே பெரிய பலன். 1954-ல் ஹுக் தலைவர் லூயிஸ் தாருக் சரணடைந்தார்.