பெருவெடிப்பு, பரிணாமம் எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டு கத்தோலிக்கராகவும் இருக்க முடியுமா?

தாராளமாக முடியும்.

நான் இருப்பது மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம். ஜன்னலைத் திறந்தால் செம்பனைதான், அதாவது எண்ணெய்ப் பனை. அதில் கொட்டைக்குத் தடித்த ஓடுள்ள டூரா ரகத்தையும் ஓடில்லாத பிசிபெரா ரகத்தையும் கலந்தால், மெல்லிய ஓடும் நிறையச் சதையும் கொண்ட தெனேரா ரகம் கிடைக்கும். இதை விளக்குவது மெண்டலின் மரபு விதி. பட்டாணிச் செடியை வைத்து அதைக் கண்டுபிடித்து 1866-ல் வெளியிட்ட அந்த மெண்டல் ஒரு அகுஸ்தினார் சபைத் துறவி. தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அண்ணனிடம் சொன்னபோது, "சாமியாரா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

பிரபஞ்சம் ஒரு சிறு தொடக்கத்திலிருந்து விரிந்தது என்ற பெருவெடிப்புக் கருத்துக்கு அடிபோட்ட லெமைத்ரும் பெல்ஜியக் குருதான். 1951-ல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் அதைப் படைப்புக்குச் சாட்சி போலப் பேசியது லெமைத்ருக்கே பிடிக்கவில்லை. வேதத்துக்கு இயற்பியலை முட்டுக்கொடுக்கக் கூடாது என்பது அவர் நிலை. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

பரிணாமமா? மனித உடல் அப்படி வந்ததா என்று ஆராயலாம் என 1950-லேயே அதே திருத்தந்தை சுற்றுமடலில் எழுதிவிட்டார். ஆன்மாவை மட்டும் கடவுளே நேரடியாகப் படைக்கிறார் என்பது திருச்சபைப் போதனை.

அப்புறம் கலிலேயோ. அது கறைதான், மழுப்ப வேண்டாம். பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்றதற்காக 1633-ல் தண்டித்தார்கள், தவறு நடந்ததைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஒப்புக்கொண்டது 1992-ல். கொஞ்சம் தாமதம்தான்!