இதயத் துடிப்புக் கோளாறுகள்: சிறப்பு மருத்துவரின் பதில்கள்

செங்காங், தொடக்கக் கல்லூரி மாணவர்: இதயத் துடிப்புச் சிறப்பு மருத்துவராக எத்தனை ஆண்டு படிக்க வேண்டும்? மற்ற இதய மருத்துவர்களிடமிருந்து இவர் எதில் வேறுபடுகிறார்?

தம்பி, சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டத்திற்கு 5 ஆண்டு, அதன்பின் ஓராண்டு பயிற்சி மருத்துவர் பணி, பொது உள்மருத்துவத்தில் 3, இதய மருத்துவத்தில் 3, கடைசியாகத் துடிப்புக் கோளாறுகளுக்கென்றே ஓரிரு ஆண்டு, பெரும்பாலும் வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றில். தேசிய சேவையையும் சேர்த்துக்கொண்டால் 34 வயது வாக்கில்தான் தனியாக நின்று ஒரு சிகிச்சையை முடிப்பீர்கள். ஊடுகதிரைத் தடுக்கும் ஈய மேலங்கியை மணிக்கணக்கில் சுமப்பதால் முதுகு வலிக்கும் என்பதை எந்தக் கையேடும் சொல்லாது, நான் சொல்லிவிடுகிறேன்.

ரத்தக்குழாய் அடைப்பைப் பார்ப்பவர்கள் படத்தை நம்புகிறார்கள். நாங்கள் நேரத்தை நம்புகிறோம். தொடை இடுக்குச் சிரை வழியாக கத்தீட்டர் எனும் மெல்லிய குழாய்களை இதயத்துக்குள் செலுத்தி, நாங்களே துடிப்பைத் தூண்டிக் கோளாறை வரவழைத்து, மின்னோட்டம் எந்த இடத்தை முதலில் எட்டுகிறது, எதை அடுத்து எட்டுகிறது என்று மில்லி விநாடிக் கணக்கில் அளக்கிறோம். கோளாறான மின்பாதையை அழிக்க எங்கே சுட வேண்டும், எங்கே சுடவே கூடாது என்பதை அந்தச் சிறு வித்தியாசம்தான் முடிவு செய்கிறது. மாரடைப்புக்குப் பின் தோன்றும் கூடுதல் துடிப்புகளை மாத்திரையால் அடக்கினால் உயிர் காக்கலாம் என்று ஒரு காலத்தில் எல்லோரும் நம்பினார்கள். அதைச் சோதித்த 'காஸ்ட்' ஆய்வில் ஃப்ளெக்கைனைடு, என்கைனைடு மருந்துகள் துடிப்புகளை நன்றாகவே அடக்கின. ஆனால் அவற்றை உட்கொண்டவர்களே அதிகம் இறந்தார்கள் என்று 1989இல் தெரியவந்தது. ஈசிஜி தாளைச் சரிசெய்வது வேறு, நோயாளியைக் காப்பது வேறு என்பதை ஏற்கும் மனம் இருந்தால் இத்துறைக்கு வாருங்கள்.

யீஷூன், இல்லத்தரசி, 41: திடீரென்று நெஞ்சு படபடக்கிறது, அரைமணி நேரத்தில் சட்டென நின்றுவிடுகிறது. மருந்தகம் போய்ச் சேரும்போது எல்லாம் சரியாகிவிடுவதால் மனப்பதற்றம் என்கிறார்கள்.

சொடுக்கியதுபோல் தொடங்கிச் சொடுக்கியதுபோல் நிற்கும் படபடப்பை மனப்பதற்றம் என்று எளிதில் ஒதுக்கக்கூடாது, அம்மா. இதயத்தின் மேலறை, கீழறைச் சந்திப்பில் மின்னோட்டம் வட்டமடிக்கும் கோளாறு இப்படித்தான் இருக்கும். நடுத்தர வயதுப் பெண்களிடம் அதை அடிக்கடி பார்க்கிறோம். படபடப்பு இருக்கும்போதே அருகிலுள்ள மருந்தகத்தில் ஈசிஜி எடுக்கச் சொல்லுங்கள். அந்தத் தாளின் நகல் உங்கள் கைக்கு வர வேண்டும். அது இல்லாமல் என்னைப் போன்றவரிடம் வருவது பாதி வீண். நோய் உறுதியானால் கத்தீட்டர் சிகிச்சையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் குணமாகிறார்கள். இயல்பான மின்பாதை சேதமடைந்து பேஸ்மேக்கர் தேவைப்படும் அபாயம் நூற்றில் ஒருவருக்கும் குறைவு. மயக்கமோ நெஞ்சுவலியோ சேர்ந்து வந்தால் 995ஐ அழையுங்கள்.

ஜூரோங் வெஸ்ட், பொறியாளர்: என் கைக்கடிகாரம் 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருக்கலாம்' என்று காட்டியது. நம்பலாமா?

அது இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் கோளாறு. கடிகாரம் காட்டியதை முழுதாக நம்பவும் வேண்டாம், அழிக்கவும் வேண்டாம். கடிகாரம் பதிவது ஒரே கோணத்து ஈசிஜி. அந்தப் பதிவைச் சேமித்து மருத்துவரிடம் காட்டுங்கள். படபடப்பின்போது எடுத்த பதிவு என்றால் அதற்குத் தனி மதிப்பு உண்டு.

தெம்பனிஸ்: கடிகாரம் 'இயல்பு' என்று காட்டுகிறது, நெஞ்சு இறுக்கமாக இருக்கிறது. காத்திருக்கலாமா?

கூடாது. மாரடைப்பைக் கடிகாரம் கண்டுபிடிக்காது. 995.

உட்லண்ட்ஸ், தாய்: தேசிய சேவை மருத்துவப் பரிசோதனையின் ஈசிஜியைப் பார்த்து, மகனுக்கு ப்ருகாடா என்ற துடிப்புக் கோளாறு இருக்கலாம் என்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இதய நோய் இல்லை.

இந்தக் கேள்விக்குச் சிங்கப்பூரோடு ஒரு தொடர்பு உண்டு. 1980களில் இங்குக் கட்டுமானப் பணியில் இருந்த தாய்லாந்துத் தொழிலாளர்கள், திடகாத்திரமான இளைஞர்கள், இரவில் தூங்கியவர்கள் எழாமலே இறந்துபோனார்கள். பிரேதப் பரிசோதனையில் இதயத்தின் அமைப்பில் குறை எதுவும் தென்படவில்லை. 1992இல் ப்ருகாடா சகோதரர்கள் இருவர் ஒரு தனித்த ஈசிஜி வடிவத்தை விவரித்தார்கள். 1997இல் தாய்லாந்தில் நடந்த ஆய்வு அத்தகைய இரவு மரணங்களுக்கும் இவ்வடிவத்துக்கும் உள்ள தொடர்பைக் காட்டியது.

ஆனால் வடிவம் இருப்பவரெல்லாம் ஆபத்தில் இருப்பவர் அல்லர். மகன் எப்போதாவது மயங்கி விழுந்தாரா, உறவில் எவரேனும் இளம் வயதில் தூக்கத்தில் இறந்தார்களா என்பவைதான் முதல் கேள்விகள். 'இதய நோய் இல்லை' என்று நீங்கள் சொல்வதில் அந்த இரண்டாவது கேள்விக்கான விடை அடங்காது. காய்ச்சல் இக்கோளாறைத் தூண்டும் என்பதால், காய்ச்சல் வந்தால் உடனே பாரசிட்டமால் கொடுத்து வெப்பத்தைத் தணியுங்கள். அதிக ஆபத்துள்ளவர்களுக்கு, மனிதருக்கு 1980இல் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட, ஆபத்தான துடிப்பை மின்னதிர்ச்சியால் நிறுத்தும் உள்ளதிர்வுக் கருவி உயிர்காக்கும். அந்த ஈசிஜியின் நகலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பிடோக், மகள்: அப்பாவுக்கு 76 வயது, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், ரத்த அழுத்தம், நீரிழிவு உண்டு. ரத்தம் உறைவதைத் தடுக்கும் எபிக்ஸபான் மருந்தை எழுதினார்கள். ரத்தக் கசிவுக்குப் பயமாக இருக்கிறது, ஆஸ்பிரின் போதாதா?

போதாது. 75 வயதைக் கடந்ததற்கு 2, ரத்த அழுத்தத்துக்கு 1, நீரிழிவுக்கு 1 என அவருடைய பக்கவாத ஆபத்து மதிப்பெண் 4. இந்த அளவு ஆபத்துக்கு உறைவுத் தடுப்பு மருந்தே வேண்டும்.

தோ பாயோ, ஓய்வுபெற்ற மருந்தாளர்: டாக்டர் இவ்வளவு எளிதாகச் சொல்லிவிடக் கூடாது. ஆசிய முதியவர்களுக்கு மூளையில் ரத்தம் கசிவதை, பழைய உறைவுத் தடுப்பு மருந்தான வார்ஃபரின் காலத்திலிருந்தே பார்த்தவன் நான். ஆஸ்பிரின் மிதமானது.

ஐயா, வார்ஃபரினைப் பற்றி நீங்கள் சொல்வது முழு உண்மை. ஆசியர்களுக்கு அந்த ஆபத்து அதிகம்தான். ஆனால் புதிய மருந்துகள் மூளைக் கசிவை அதைவிடக் குறைவாகவே உண்டாக்குகின்றன. வார்ஃபரின் ஒத்துவராத 5,599 பேரிடம் எபிக்ஸபானையும் ஆஸ்பிரினையும் ஒப்பிட்ட 'அவெரோஸ்' ஆய்வு 2011இல் வெளியானது. பக்கவாதமும் ரத்த உறைக்கட்டி அடைப்பும் ஆஸ்பிரின் பக்கம் ஆண்டுக்கு 3.7 விழுக்காடு, எபிக்ஸபான் பக்கம் 1.6. பெரிய ரத்தக் கசிவு முறையே 1.2, 1.4, இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆஸ்பிரின் மிதமானது என்ற எண்ணம்தான் இங்கே ஆபத்தானது.

அதே மருந்தாளர்: ஆய்வில் சேர்ந்தவர்கள் வேறு, வீவக வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுகிற தாத்தா வேறு.

விழுவார் என்பதற்காகவே மருந்தை மறுக்கும் வழக்கம் இங்கும் உண்டு. வார்ஃபரின் உட்கொள்ளும் முதியவருக்கு, விழுவதால் மூளை உறையடியில் ரத்தம் கசியும் ஆபத்து மருந்தின் பயனை மிஞ்ச, அவர் ஆண்டுக்குச் சுமார் 295 முறை விழ வேண்டும் என்று 1999இல் ஒரு கணக்கீடு வெளியானது. கணக்கீடுதான், நேரடி ஆய்வன்று, அதையும் ஒப்புக்கொள்கிறேன். குளியலறையில் கைப்பிடி பொருத்துங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள். உங்கள் கவலையில் நியாயமான பகுதி வேறு இடத்தில் இருக்கிறது: சிறுநீரகச் செயல்பாடு, உடல் எடை, மூட்டுவலிக்காகக் கடையில் தாமாக வாங்கும் வலி மாத்திரைகள். அவற்றைக் கேட்காமல் மருந்தை எழுதுகிறவரோடு சண்டையிடுங்கள். நானும் உங்கள் பக்கம் நிற்பேன்.

சுவா சூ காங்: எந்தக் கடிகாரம் நல்லது, டாக்டர்?

மேலே பாருங்கள். நான் கடிகாரக் கடை வைத்திருக்கவில்லை.

புக்கிட் பாத்தோக்: கொழுப்பைக் குறைக்க ஓட்ஸா, கேழ்வரகா?

இது என் துறை அன்று. பலதுறை மருந்தகத்தில் உணவியல் நிபுணரைக் கேளுங்கள்.

கிளமெண்டி: அம்மாவுக்கு பேஸ்மேக்கர் இருக்கிறது. இண்டக்‌ஷன் அடுப்பில் சமைக்கலாமா?

சமைக்கலாம், அடுப்புக்கும் கருவிக்கும் இடையே இரண்டடி விட்டு நிற்கட்டும். கைப்பேசியைச் சட்டைப் பையில், கருவியின் மேல் வைக்க வேண்டாம். கருவிக்கான அடையாள அட்டை எப்போதும் அவர் பையில் இருக்கட்டும். எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னால் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

பிடோக், மகள்: அப்பா இன்று காலை மாத்திரை போட மறந்துவிட்டார். இரவில் இரண்டாகக் கொடுக்கலாமா?

கூடாது. இன்னும் பகலாக இருந்தால் தவறிய மாத்திரையை இப்போதே கொடுத்துவிட்டு, இரவு மாத்திரையை வழக்கமான நேரத்தில் கொடுங்கள். இரவாகிவிட்டதென்றால் அந்நேரத்து மாத்திரை ஒன்று மட்டும் போதும்.